வீட்டில் பிரசவம், மருத்துவச்சி துணையோடு: முதன்முறை யோசிப்பவர்களுக்கு

என் தலைப்பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகத் திட்டமிட்டிருந்தோம். வலி எடுத்து 18 மணி நேரம் ஆகியும் கருப்பைவாய் போதிய அளவு திறக்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாகவே இருந்தது. நான்தான் ஓய்ந்துபோயிருந்தேன். மருத்துவச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கிளம்பலாம்மா, இப்போ கிளம்பினா நிதானமாப் போகலாம்” என்றார். மகன் மருத்துவமனையில் பிறந்தான். மூன்று ஆண்டு கழித்து மகள் வீட்டில், என் கட்டிலருகே பிறந்தாள். இரண்டு பிரசவத்துக்கும் அதே மருத்துவச்சி, அதே ஏற்பாடு. மருத்துவமனைக்கென்று வாசலோரம் வைத்த பை ஒரு தடவை பயன்பட்டது, ஒரு தடவை பயன்படவில்லை.

வீட்டுப் பிரசவம் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் அறை, விளக்கு, வெந்நீர், பாட்டு என்று வீட்டைப் பற்றியே கேட்கிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது: வீட்டில் பெறுவதற்கான ஏற்பாட்டில் பாதிக்கு மேல், தேவைப்பட்டால் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கான ஏற்பாடு. அது அமையாத இடத்தில் மற்றதைப் பேசிப் பயனில்லை.

பயிற்சி பெற்றவர் யாருமே இல்லாமல், காணொளி பார்த்தோ கணவரையும் தோழியையும் நம்பியோ வீட்டில் பெறுவது முற்றிலும் வேறு விஷயம். அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவதொரு உதவி தேவைப்படுகிறது. தாய்க்கு உதிரப்போக்கு மிஞ்சினால் சில நிமிடங்களில் நிலைமை கைமீறிவிடும். இரண்டையும் சமாளிக்கத் தெரிந்த கைகள் அந்த அறையில் இருந்தே ஆக வேண்டும்.

1. முதலில் உங்கள் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள்

விருப்பம் பிறகு. வயிற்றில் ஒரே குழந்தை, தலை கீழே திரும்பியிருக்கிறது, 37 வாரம் முடிந்து 42 வாரத்துக்குள் வலி தானாக எடுக்கிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றன, ரத்தசோகை இல்லை என்றால் மேற்கொண்டு பேசலாம்.

இரட்டைக் குழந்தை, பிட்டமோ காலோ முன்னே வரும் நிலை, நஞ்சுக்கொடி கருப்பைவாயை அடைத்திருப்பது, முன்பு நடந்த சிசேரியன், 140/90ஐத் தொட்டுவிட்ட ரத்த அழுத்தம், இன்சுலின் போட வேண்டிய சர்க்கரை, போன பிரசவத்தில் அதிக உதிரப்போக்கு, இதய நோய், வலிப்பு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைதான் உங்களுக்கான இடம். ஆசையோடு இருந்தவர்களுக்கு இதைக் கேட்க வலிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் மருத்துவச்சியின் துணை வீட்டோடு முடிவதில்லை. மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவப் பிரிவுகள் பல நாடுகளில் உள்ளன. உங்கள் மருத்துவச்சியை மருத்துவமனைக்கு உடன் வரச் சொல்லவும் முடியலாம்.

முதல் குழந்தையா, அடுத்ததா என்பதும் கணக்கில் வரும். சிக்கலுக்கு வாய்ப்புக் குறைந்த 64,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களைத் தொடர்ந்து பார்த்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்ததால் குழந்தைக்கு ஆபத்து கூடியதாக அதில் தெரியவில்லை. தலைப்பிரசவத்தில் கதை வேறு. குழந்தை இறப்பதும் கடுமையாகப் பாதிக்கப்படுவதும் சேர்த்து, மருத்துவமனையில் 1000க்கு 5.3 என்றிருந்தது, வீட்டைத் திட்டமிட்டவர்களிடம் 9.3 ஆக இருந்தது. இரண்டுமே சிறிய எண்கள்தான், ஆனால் வித்தியாசம் உண்மையானது. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 சதவீதம் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன. அடுத்தடுத்த பிரசவங்களில் 12 சதவீதம். பெரும்பாலான மாற்றங்கள் அவசரநிலையால் நேர்ந்தவை இல்லை, அடிக்கடி சொல்லப்பட்ட காரணம் பிரசவம் மெதுவாக நகர்ந்ததுதான். ஆக, தலைச்சன் பிள்ளைக்கு வீட்டை யோசிக்கிறவர்கள், கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி மருத்துவமனையில்தான் முடியும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அந்த எண்கள் இங்கிலாந்துக்கானவை. அங்கே மருத்துவச்சி பொதுச் சுகாதார அமைப்பின் ஆள், அவர் அழைத்தால் மருத்துவமனை கதவைத் திறந்து வைத்திருக்கும். அமெரிக்காவில் அந்தப் பிணைப்பு பல இடங்களில் இல்லை. அங்கே வீட்டுப் பிரசவத்தில் குழந்தை இறக்கும் ஆபத்து இரு மடங்குக்கு மேல் என்று அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2017இல் சொன்னது. உங்கள் ஊர் இந்த இரண்டில் எதைப் போல இருக்கிறது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மருத்துவச்சியைத் தேடுவது

தேடும் முன்னே, நீங்கள் வாழும் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சில இடங்களில் பொதுச் சுகாதாரத் துறையே மருத்துவச்சியை வீட்டுக்கு அனுப்பும். சில இடங்களில் தனியாகப் பார்க்கும் மருத்துவச்சிக்கு உரிமம் கிடையாது.

மருத்துவச்சி என்ற சொல்லை நாம் பலருக்கும் பயன்படுத்துகிறோம். கைப்பழக்கத்தில் பிரசவம் பார்த்த மூதாட்டியும் மருத்துவச்சிதான். வலியின்போது கூட இருந்து இடுப்பைத் தேய்த்துவிடும் டூலாவையும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே நான் சொல்வது படித்துப் பதிவு பெற்றவரை. சர்வதேச மருத்துவச்சிகள் கூட்டமைப்பின் அளவுகோல்படி, நேரடியாக இந்தப் படிப்பில் சேர்ந்தவர் குறைந்தது 3 ஆண்டும், செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வந்தவர் குறைந்தது 18 மாதமும் பயில வேண்டும். டூலா அருமையான துணை, எனக்கும் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் மருத்துவச்சிக்கு மாற்று ஆகமாட்டார்.

முதல் சந்திப்பில் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கே படித்தீர்கள், பதிவு எண் என்ன? (அதை நீங்களே சரிபாருங்கள்.) கடந்த ஓராண்டில் எத்தனை வீட்டுப் பிரசவம் பார்த்தீர்கள், அதில் எத்தனை பேரை மருத்துவமனைக்கு மாற்றினீர்கள், எதற்காக? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நான் மிகவும் கவனிப்பேன். “ஒருத்தரைக்கூட மாத்தினதில்லை” என்று பெருமையாகச் சொல்பவரிடம் உங்கள் உயிரைக் கொடுக்காதீர்கள். என் மருத்துவச்சி தன் கணக்கை நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தே காட்டினார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பிறக்கும் நேரத்தில் பயிற்சி பெற்றவர்கள் இருவர் இருக்க வேண்டும், ஒருவர் தாய்க்கு, ஒருவர் குழந்தைக்கு. இரண்டாமவர் யார் என்று கேளுங்கள். உங்களுக்கு வலி எடுக்கும் அன்று அவர் வேறொரு பிரசவத்தில் இருந்தால் யார் வருவார்? மருத்துவச்சியின் பையில் என்ன இருக்கும்? குழந்தையின் இதயத்துடிப்பு பார்க்கும் கருவி, ரத்த அழுத்தக் கருவி, குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும், ஆக்சிஜன், உதிரப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசி, நரம்பில் ஏற்றும் திரவம், தையல் பொருட்கள் ஆகியவை இருக்க வேண்டும். “நாம் கிளம்பலாம்” என்று அவர் சொன்னால் அதன் பிறகு விவாதம் இல்லை என்று இரு பக்கமும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.

3. மருத்துவமனையும் சாலையும்

வீட்டில்தானே பெறப்போகிறோம் என்று மருத்துவமனையில் பெயர் பதியாமல் விடுகிறவர்கள் உண்டு. பெரிய தவறு. அவசரத்தில் உள்ளே நுழையும்போது உங்கள் ரத்த வகை, ஸ்கேன், பரிசோதனை முடிவுகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டும். ஒரு மருத்துவரையாவது முன்கூட்டியே பார்த்து, திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளிக்கலாம். நான் பார்த்த முதல் மருத்துவர் சுளித்தார், இரண்டாமவர் உட்காரவைத்துப் பேசினார். இரண்டாமவரைத் தேடிப் போனது அலைச்சலுக்குத் தகுந்த பலன் தந்தது.

அந்த மருத்துவமனையில் இரவிலும் சிசேரியன் செய்ய ஆள் இருக்கிறார்களா, ரத்தம் இருப்பு இருக்கிறதா, பச்சிளங்குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடத்தில் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். மாலை நெரிசலில் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை, வண்டியில் போய்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும், உங்கள் வீட்டு வாசல்வரை வருமா, மாடிப்படியில் தூக்குப்படுக்கை திரும்புமா? நாங்கள் அளந்து பார்த்ததில் திரும்பவில்லை. அதனால் பிரசவத்துக்கு மாடி அறையை விட்டுக் கீழறையைத் தயார் செய்தோம். மருத்துவமனை அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் நான் வீட்டை நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது.

4. வீட்டாரோடு பேசுவது

கணவர், அம்மா, மாமியார் என்று அன்றைக்கு வீட்டில் இருக்கப்போகும் எல்லோரையும் மருத்துவச்சியோடு ஒருமுறை உட்காரவையுங்கள். என் அம்மா, “எனக்கு மனசே ஒப்பலடி, ஆனா அந்தம்மாகிட்ட நானே பேசணும்” என்றார். பேசிய பிறகும் பயம் போகவில்லை. ஆனால் என்ன நடந்தால் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அறையில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. மூத்த பிள்ளை இருந்தால் அவனை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவரை ஒதுக்குங்கள்.

5. 36ஆம் வாரத்துக்குள் வீடு

கர்ப்பகாலப் பரிசோதனை எதையும் விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், குழந்தையின் நிலை ஆகியவற்றைக் கடைசி வாரங்களில் அடுத்தடுத்துப் பார்ப்பார்கள். எது மாறினாலும் திட்டமும் மாறும். உங்கள் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்றால், பிறந்த குழந்தையின் ரத்த வகையைப் பார்க்கவும், தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தைக் காப்பது) போடவும் இப்போதே வழி செய்துகொள்ளுங்கள்.

36ஆம் வாரவாக்கில் மருத்துவச்சி வீட்டுக்கு வந்து இடத்தைப் பார்ப்பார். பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. மெத்தைக்கும் தரைக்கும் நீர் ஊறாத விரிப்பு, துவைத்து வெயிலில் காயவைத்த பழைய துண்டுகள் ஒரு டஜன், பெரிய அகல நாப்கின்கள், நஞ்சுக்கொடியை வாங்க ஒரு பாத்திரம், குப்பைக்குக் கனமான பைகள், நல்ல வெளிச்சம் தரும் கைவிளக்கு (மின்வெட்டுக்கு மட்டுமில்லை, தையல் போடவும்), குழந்தைக்கு மூச்சு கொடுக்க நேர்ந்தால் கிடத்துவதற்கு இடுப்பளவு உயரத்தில் கெட்டியான மேசை. அறை கதகதப்பாக, 25 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். பிறக்கும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. அதை வீட்டில் வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டியில், கதவில் இல்லாமல் நடுத்தட்டில் இடம் ஒதுக்குங்கள்.

தொட்டி நீரில் அமர்ந்திருப்பது வலிக்கு இதம். நீரின் சூடு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

மருத்துவமனைப் பை தனியாக, வாசலோரம்: பரிசோதனைச் சீட்டுகள், அடையாள அட்டை, பணம், உங்களுக்கும் குழந்தைக்கும் துணி, கைபேசி சார்ஜர்.

6. வலி எடுத்ததும்

பொய்வலி வரும், போகும். நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். மெய்வலி அடங்காது, இடைவெளி குறையும், நீளமும் வேகமும் கூடும். அது தொடங்கியதுமே மருத்துவச்சிக்குச் சொல்லிவிடுங்கள். எப்போது நேரில் வருவார் என்பதைக் குரலைக் கேட்டே கணிப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு நிமிடம் நீடிக்கும் வலி என்பது தலைப்பிரசவத்துக்குப் பொதுவான அளவு. அடுத்த பிரசவம் என்றால் அதுவரை காத்திருக்காதீர்கள், வேகமாக வந்துவிடும். பனிக்குடம் உடைந்தால் நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டல், கருப்பைவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிரக் கட்டம் என்கிறது. அதற்கு முந்தைய மணிநேரங்கள் நீளமானவை, அலுப்பூட்டுபவை. தூங்குங்கள், சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். எனக்குத் தலைப்பிரசவத்தில் நேர்ந்த தவறு இங்கேதான். முதல் வலியிலேயே பரபரத்து இரவெல்லாம் நடந்து தீர்த்தேன், வேண்டிய நேரத்தில் தெம்பு இல்லை.

தீவிரக் கட்டத்தில் மருத்துவச்சி 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. கேட்பதை எல்லாம் எழுதியும் வைப்பார், வைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

வலிக்கு வீட்டில் இருப்பவை: வெந்நீர், நடை, மண்டியிடுதல், இடுப்பில் அழுத்தம், பழகிய குரல். முதுகில் போடும் எபிடியூரல் என்ற வலிமரப்பு ஊசி வீட்டில் கிடையாது. நடுவில் அது வேண்டும் என்று தோன்றினால் அதுவே கிளம்பப் போதுமான காரணம். யாரும் உங்களைக் குறை சொல்ல விடாதீர்கள்.

மருத்துவச்சி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டால்? ஆம்புலன்ஸை அழைத்து, தொடர்பைத் துண்டிக்காமல் அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். குழந்தையை இழுக்காதீர்கள். வெளியே வந்ததும் துடைத்து, அம்மாவின் வெறும் மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம்.

7. எப்போது கிளம்ப வேண்டும்

பனிக்குட நீர் பச்சையாகவோ, கெட்டியாகவோ, ரத்தமாகவோ இருப்பது. இதயத்துடிப்பில் மாற்றம். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். ரத்த அழுத்தம் ஏறுவது, கடும் தலைவலி, கண் மங்குவது. வலிகளுக்கு நடுவிலும் தணியாத வயிற்றுவலி. மணிக்கணக்கில் முன்னேற்றமே இல்லாதது. பிறந்த பிறகு: நிற்காத உதிரப்போக்கு, வெளியே வராத நஞ்சுக்கொடி, ஆசனவாய்வரை போன கிழிசல், மூச்சுக்குத் திணறும் குழந்தை. இவை தவிர, அம்மாவுக்கு “ஏதோ சரியில்லை” என்று பட்டாலும் கிளம்பலாம்.

தொப்புள்கொடி முதலில் வெளியே வந்துவிட்டால் அது உச்ச அவசரம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, முழங்காலிட்டு, தலையைத் தரையோடு தாழ்த்தி, பிட்டத்தை உயர்த்தி இருங்கள். கொடியைத் தொட்டு உள்ளே தள்ளாதீர்கள்.

கிளம்பும்போது அழுகை வரும். எனக்கு வந்தது. வண்டியில் மருத்துவச்சி கூடவே வந்தார், தாளைக் கொடுத்து நடந்ததைச் சொன்னார், குழந்தை பிறக்கும்வரை இருந்தார். அவர் கூட வருவாரா என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

8. பிறந்த பிறகு முதல் சில மணி நேரம்

குழந்தை நேரே மார்புக்கு வர வேண்டும், தோலோடு தோல். நன்றாக மூச்சு விடும் குழந்தைக்கு, குறைந்தது ஒரு நிமிடமாவது கழிந்த பிறகே கொடியை வெட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும் இந்த நேரத்தில்தான் தாய்க்கு ஆபத்து அதிகம். குழந்தை பிறந்ததும் 10 அலகு ஆக்சிடோசின் ஊசி போட்டுக்கொள்வதை உலகச் சுகாதார நிறுவனம் எல்லாத் தாய்மார்களுக்கும் பரிந்துரைக்கிறது. “இயற்கையாகவே விடலாமே” என்று எனக்கும் தோன்றியது. விசாரித்த பிறகு போட்டுக்கொண்டேன், வருத்தமில்லை. நஞ்சுக்கொடி வந்ததும் முழுசாக வந்திருக்கிறதா என்று மருத்துவச்சி விரித்துப் பார்ப்பார். கருப்பை கல்லுப்போல் இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். போன உதிரம் 500 மில்லியைத் தொட்டால் அதிகப்போக்கு என்று கணக்கு. நீங்கள் சிறுநீர் கழித்து, குழந்தை பால் குடித்து, எல்லாம் அமைதியாகும்வரை அவர் வீட்டை விட்டுப் போகக் கூடாது. குழந்தைக்கு வைட்டமின் கே ஊசியையும் மறக்க வேண்டாம். உள்ளே ரத்தம் கசிவதைத் தடுக்க அது.

9. அடுத்த நாட்கள்

முதல் 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 48 முதல் 72 மணிக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை, ஆறாம் வாரம் ஒருமுறை. தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டிய குறைந்தபட்சக் கணக்கு இது. குழந்தையை ஒரு குழந்தை மருத்துவரும் பார்க்கட்டும். தடுப்பூசி, காது கேட்கும் சோதனை, பிறவி நோய்களைக் கண்டறியும் குதிகால் ரத்தச் சோதனை போன்றவை பல மருத்துவமனைகளில் தானாக நடந்துவிடும். வீட்டில் பெற்றவர்கள் கேட்டு வாங்க வேண்டும். பிறப்புப் பதிவுக்கு மருத்துவச்சி என்ன சான்று தர வேண்டும் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், தலைவலியோடு கண் மங்கினால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு இழுத்தால், உடம்பு கொதித்தாலோ சில்லிட்டாலோ, முதல் நாளிலேயே மஞ்சள் பூத்தால் அதே அவசரம். அழுகையும் வெறுமையும் இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கும் மருத்துவம் உண்டு.

வாசலோரப் பையை அவசரப்பட்டுப் பிரித்து அடுக்கிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் அது அங்கேயே இருக்கட்டும்.